அக்காவின் முகத்தை அச்செடுத்த செவ்வாய்க்கிழமை

படூரில் ஒரு பெண்கள் விடுதிக்குப் பின்னால், தரைத் தளத்தில் இரண்டு அறை எடுத்து ஜெனிட்டா தொழில் செய்துவந்தாள். தொழில் என்றால் மூக்கு செய்வது. காது, கன்னம், வெட்டுப்பட்ட கை, வெந்துபோன தோள், தொங்கிப்போன தாடை எல்லாம் உண்டு. சிலிக்கோனில் வார்த்து நடிகர்களின் தோலில் ஒட்டிவிட்டால், எது தோல் எது பொய் என்று ஒட்டியவளுக்கே ஒரு நொடி சந்தேகம் வரும். அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இந்த உறுப்புகளைப் பார்த்த தண்ணீர் கேன்காரர் ஒருநாள் கேனை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிப்போனார். அன்றிலிருந்து கேன் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. அதை உள்ளே உருட்டிக்கொண்டு வருவது தனகோடியின் வேலை.

தனகோடிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பத்து வருஷம் காஜா எடுத்த கை. அந்தக் கையும் கண்ணும் இங்கே சிலிக்கோன் புருவத்தில் ஒவ்வொரு முடியாக ஊசியால் குத்தி நடுவதற்கு உதவின. பேச்சு மட்டும் ஊசியைவிடக் கொஞ்சம் தடிப்பு.

சிலிக்கோன் இருக்கிறதே, அது புது மாப்பிள்ளையைவிடத் தொட்டாற்சிணுங்கி. ரப்பர் கையுறை போட்டுத் தொட்டால் கோபித்துக்கொண்டு இறுகாமலே கிடக்கும். கந்தகம் கலந்த களிமண் பக்கத்தில் வந்தால் போதும், மேல்பரப்பு பிசுபிசுத்து ஒரு வார உழைப்பு குப்பைக்குப் போகும். இதையெல்லாம் ஜெனிட்டா பட்டுத் தெரிந்துகொண்டு, இப்போது நன்றாகச் சமாளித்தாள். ஆனால் வேலையின் ஆரம்பம் சிலிக்கோன் அல்ல, ஆள். யாருக்கு முகம் செய்கிறோமோ அவர் முகத்தை முதலில் அச்செடுக்க வேண்டும். பல் டாக்டர்கள் பல் அளவெடுக்கக் கரைப்பார்களே, அந்த இளஞ்சிவப்புப் பசைதான். அதை முகம் முழுக்க அப்பி, இறுகியதும் மேலே மாவுக்கட்டுத் துணியை ஒட்டிக் காயவைத்து, மொத்தமாகக் கழற்றுவார்கள். இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடமும் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் இல்லை, வாய் இல்லை, மூக்கில் இரண்டு துவாரம் மட்டும். பேச முடியாததால் கைதான் மொழி. கட்டை விரல் மேலே நின்றால் நலம். இரண்டு கையும் தூக்கினால் உடனே கழற்று என்று அர்த்தம்.

இதில் ஜெனிட்டா ஒரு சட்டம் வைத்திருந்தாள். பசை இறுகும் முதல் ஐந்து நிமிடம் யாரும் எதுவும் பேசக்கூடாது. ஜோக் அடித்தால் கன்னம் ஏறும். சோகம் பேசினால் தாடை நடுங்கும். எது நடந்தாலும் பசை அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். தனகோடி ஒருமுறை பெருமாள் கோவில் புளியோதரையைப் பற்றிப் பேசி, ஒரு நடிகரின் முகம் எச்சில் விழுங்குகிற மாதிரியே பதிந்துவிட்டது. அதற்கு வாங்கிய திட்டு இன்னும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அந்தச் சட்டத்தை மீறியது தனகோடி அல்ல, ஜெனிட்டாதான். அதுவும் தன் சொந்த அக்காவிடம்.

சரவணகுமார் என்று ஒரு புது இயக்குநர். முதல் படம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்குவதில் படம் தொடங்குகிறது. அந்த உடலைச் செய்யத்தான் ஜெனிட்டாவிடம் வந்தார். அந்த வேஷத்தில் நடிக்கும் அம்மணி அச்செடுக்க வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கைத் தவிர எல்லாவற்றையும் மூடுவார்கள் என்று கேட்டதும் ஒரு போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போனவர்தான். திரும்பவில்லை.

"அவங்க வயசுல, அதே மாதிரி கன்னத்து எலும்பு இருக்கறவங்க யாராச்சும் போதும் மேடம்," என்றார் சரவணகுமார். "தூரத்து ஷாட்டுதான். முகம் மட்டும் நிம்மதியா இருக்கணும். கடல் ஒண்ணுமே பண்ணாத மாதிரி."

வயது நாற்பத்தாறு, தூக்கிய கன்னத்து எலும்பு, நிம்மதியான முகம். ஜெனிட்டாவுக்கு அக்கா ஹெலனின் நினைவு வர யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஹெலன் அணுமின் நிலைய ஊழியர்கள் வசிக்கும் அணுபுரத்துக் குடியிருப்பில் இரண்டு வீடுகளில் சமையல் செய்தாள். அவள் கணவர் கலைவாணன் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேன் ஓட்டினார். ஒரே பெண் வைஷாலி, பிளஸ் டூ முடித்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஹெலன் மூன்று பஸ் மாறி, கையில் ஒரு தூக்கில் கருவாட்டுக் குழம்போடு வந்து இறங்கினாள். அலமாரியில் இருந்த மூக்குகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னாடி இது, கறிக்கடை மாதிரி கீது," என்றாள். அவ்வளவுதான். இரண்டு வீட்டுச் சமையலறையைச் சமாளிக்கிறவளை மூக்கு காட்டிப் பயமுறுத்த முடியாது.

தனகோடி அவள் முடியை வாரி, வழுக்கைத் தொப்பி மாட்டி, புருவத்திலும் இமையிலும் வாஸலின் களிம்பு தடவினாள். அப்போது ஹெலன் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு வைஷாலியிடம் வந்தது.

"நர்ஸுக்குத்தான் படிப்பேன்னு குதிக்கிறா. மிஷன் ஆஸ்பத்திரி ஸ்கூல்ல ஃபாரம் வாங்கி எழுதி வெச்சுகீறா. சனிக்கிழம கடைசி நாளு. என்கிட்ட கையெழுத்து கேட்டா. நான் போடல."

"ஏன்க்கா?"

"நமக்கெல்லாம் வராதுடி அது. நான் எழுதிப் போடாததா? ஒரு லெட்டருகூட வரல. வேணாம்னாச்சும் எழுதிப் போட்டானா? அதுவும் இல்ல. அவளும் என்ன மாதிரி தபால்காரனப் பாத்துகினு நிக்கணுமா? பி.காம் படிக்கட்டும். பக்கத்துலயே காலேஜ் கீது."

இந்த "நமக்கெல்லாம் வராது" என்பது ஹெலனுடைய வாயில் இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கும் வாக்கியம். பேங்க் கடனுக்கு அதுதான், வீட்டு மனைக்கு அதுதான், அணுபுரத்தில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தபோதும் அதுதான். விண்ணப்பமே போடமாட்டாள். யாராவது வற்புறுத்தினால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஜெனிட்டாவுக்கு நெஞ்சில் முள் ஒன்று நகரும். ஏனென்றால் லெட்டர் வந்தது. அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது அவர்கள் வீடு கருங்குழிக்கு மேற்கே, ஏரிக்கு அந்தப் பக்கம். அம்மா பொன்னி விடிவதற்குள் நடவுக்குப் போய்விடுவாள். பதினொரு வயது ஜெனிட்டாவுக்குத் தலை பின்னிவிடுவது, சோறு போடுவது, இடி இடித்தால் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வது எல்லாம் அக்காதான். அக்கா ஆஸ்பத்திரிப் படிப்புக்கு எழுதிப்போட்டிருக்கிறாள், வந்தால் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள் என்று வீட்டில் பேச்சு. ஒருநாள் பகலில், அக்கா தண்ணீருக்குப் போயிருந்த நேரம், தபால்காரர் ஒரு நீளக் கவரைச் சின்னவள் கையில் கொடுத்தார். சின்னவள் பிரித்தாள். படித்தாள். வாசலில் நெல் அவிக்கும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்புக்குள் போட்டுவிட்டாள். தாள் சுருண்டு கருகி முடியும்வரை அங்கேயே நின்று பார்த்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. அரை நிமிட வேலை. அதற்குப்பின் அக்கா இரண்டு மாதம் தபால்காரருக்காகக் காத்திருந்ததும், பிறகு காத்திருப்பதை நிறுத்தியதும், ஒரு செருப்புக் கம்பெனிக்குப் போனதும், கல்யாணமானதும் ஒவ்வொன்றாக நடந்தன. சொல்லிவிடலாம் என்று ஜெனிட்டா நினைக்காத வருஷமில்லை. இன்று சொல்லாமல் விட்டால் நாளை சொல்வது இன்னும் கஷ்டம். நாளையும் விட்டால் கேட்கவே வேண்டாம். இப்படியே அந்தக் கஷ்டம் வளர்ந்து, அவளைவிடப் பெரிசாகிவிட்டது.

"கண்ண மூடிக்கோக்கா. முகத்த அசைக்காத. ஒண்ணும் ஆவாது."

பசையைக் குளிர்ந்த நீரில் கரைத்து, நெற்றியிலிருந்து தொடங்கி இருவரும் வேகமாக அப்பினார்கள். கண் மறைந்தது. கன்னம் மறைந்தது. வாய் மறைந்தது. மூக்குத் துவாரத்தைச் சுற்றி ஜெனிட்டா சுண்டுவிரலால் வழித்துவிட்டாள். அக்காவின் மூச்சு அதன் வழியே ஒழுங்காக வந்து போனது. வலது கை முழங்கால்மேல் இருந்தது. கட்டை விரல் நேராக நின்றது.

மாவுக்கட்டுத் துணியை நறுக்கி வர தனகோடி பின்பக்கம் போனாள். அறையில் இரண்டு பேர்.

இதை எப்படி விளக்குவது? கோழைத்தனம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், தப்பில்லை. எதிரில் அக்கா இருந்தாள், ஆனால் அக்காவின் கண் இல்லை. இருபத்தெட்டு வருஷமாக ஜெனிட்டா பயந்தது அந்தக் கண்ணுக்குத்தான். சனிக்கிழமை கடைசி நாள். கையெழுத்து இல்லை. காரணம் தான் எரித்த ஒரு தாள். வாய் தானாகத் திறந்தது.

"யக்கா, லெட்டரு வந்துச்சுக்கா."

மூச்சு ஒரே சீராக இருந்தது.

"உனக்கு. நர்ஸு படிப்புக்கு. நீ தண்ணிக்குப் போயிருந்த. தபால்காரரு என் கையில குடுத்தாரு. நான் நெல்லு அவிக்கிற அடுப்புல போட்டுட்டேன். நீ போயிடுவன்னு போட்டுட்டேன். யாரான்டயும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. உனக்கு வராம இல்லக்கா. வந்துச்சு. வைஷாலிக்குக் கையெழுத்து போட்டுடுக்கா."

சொல்லி முடித்ததும் அவள் பார்த்தது முகத்தை அல்ல, அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. கையைப் பார்த்தாள். நேராக நின்ற கட்டை விரல் மெல்ல மடங்கி, மற்ற விரல்களுக்குள் போய், கை ஒரு முட்டியாக மூடிக்கொண்டது. இரண்டு கையும் தூக்கவில்லை. கழற்றச் சொல்லவில்லை. விரலும் நிமிரவில்லை.

"யக்கா?"

முட்டி அப்படியே இருந்தது. தனகோடி ஈரத் துணிகளோடு உள்ளே வந்தாள்.

"இன்னா பெரியம்மிணி, நல்லா கீறியா?"

கட்டை விரல் எழுந்தது. அந்தப் பதில் தனகோடிக்கு. தனக்கு இல்லை என்பது ஜெனிட்டாவுக்குப் புரிந்தது.

கழற்றியபின் ஹெலன் முகத்தைக் கழுவினாள். வாஸலின் போக மூன்று தடவை சோப்பு போட்டாள். துண்டால் துடைத்தாள். பசை காதையும் மூடியிருந்ததே, ஒருவேளை எதுவும் கேட்கவில்லையோ என்று ஜெனிட்டா நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைக்க அவளுக்கு ஆசையாக இருந்ததுதான் வெட்கக்கேடு.

"சாப்டுட்டுப் போக்கா."

"நீங்க சாப்புடுங்க. பஸ் போயிடும்."

தூக்கைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். குழம்பை தனகோடி மட்டும் சாப்பிட்டாள், நல்ல குழம்பு என்றாள்.

அன்று மாலையே அச்சுக்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினார்கள். புதன்கிழமை காலை பிரித்தார்கள். இளஞ்சிவப்புப் பசை துண்டு துண்டாக உரிந்து வர, உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று ஹெலன் வந்தாள்.

தனகோடி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இது செத்தவ மூஞ்சி இல்ல."

இல்லைதான். இரண்டு புருவத்துக்கும் நடுவே ஆழமாக இரண்டு கோடு. உதடுகள் நடுவில் குவிந்து முன்னால் தள்ளியிருந்தன. தாடையில் சின்னச் சின்னக் குழி. மூடிய இமைக்குள் விழி இறுகியிருந்தது. பசை இறுகுவதற்கு முந்தைய ஒரு நொடி, முழுசாக மாட்டியிருந்தது.

"கோவம்," என்றாள் ஜெனிட்டா. முகங்களைப் படிப்பதுதான் அவள் பிழைப்பு. எந்தத் தசை சுருங்கினால் எந்த உணர்ச்சி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். "இந்த மாதிரி கோவம் நான் பாத்ததே இல்ல."

"அவகிட்ட இன்னா பேசின நீ?"

ஜெனிட்டா காதோரம் ஒட்டியிருந்த பசைத் துணுக்கை உரித்தெடுத்தாள். தனகோடி அதற்குமேல் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால் இது பெரிய சேதமே இல்லை. அரம் எடுத்துப் புருவத்தை ராவி, கோடுகளில் களிமண் வைத்து, உதட்டைக் கொஞ்சம் இழைத்தால் ஒரு மணி நேரத்தில் நிம்மதியான முகம் வந்துவிடும். தொழிலில் தினம் நடப்பதுதான். ஜெனிட்டா அரத்தை எடுத்தாள். அக்காவின் நெற்றியில் வைத்தாள். கை ஓடவில்லை. அக்காவுக்கு வந்ததை ஒருமுறை அழித்தாயிற்று. இப்போது அக்காவிடமிருந்து வந்திருப்பதையும் தானே அழிப்பதா? அவளுக்கு அழுகை வந்தது. தனகோடி இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

தனகோடி அவள் கையிலிருந்து அரத்தை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"எம்மா ஜெனி, சினிமாவுக்கு ஒரு பொணம்தான வேணும்? என் மூஞ்சி இன்னா பாவம் பண்ணிச்சு? எடு. எனக்கும் கன்னத்துல எலும்பு கீது."

அன்று பகல் தனகோடியின் முகத்தை அச்செடுத்தார்கள். ஜெனிட்டா ஒரு வார்த்தை பேசவில்லை. தனகோடி பாதியில் தூங்கியே போனாள். கடல் ஒன்றுமே பண்ணாத மாதிரி, அத்தனை நிம்மதியாகப் பதிந்தது.

வியாழக்கிழமை ஜெனிட்டா அக்காவின் வெள்ளை முகத்தை ஒரு பூத்துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். போனிலும் கண் கிடையாது. மறுபடி அதே கோழைத்தனம் வேண்டாம் என்று கிளம்பினாள். திருப்போரூரில் ஏறிய ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, துவாலை விலகிய இடத்தில் மூக்கைப் பார்த்தாள். அந்தப் பக்கம் சிலை சுமந்துகொண்டு பஸ்ஸில் போவது அதிசயமில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எந்த சாமிம்மா?"

"எங்கக்கா."

அந்த அம்மாள் அதற்குப்பின் எதுவும் கேட்கவில்லை. மாமல்லபுரத்தில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

ஹெலனின் வீடு குடியிருப்புக்கு வெளியே, சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் இருந்தது. வேலை முடிந்து வந்து, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உள்ளே வைஷாலி போனில் யாருடனோ பேசும் சத்தம் கேட்டது. தங்கையைப் பார்த்ததும் ஹெலன் எழுந்திருக்கவில்லை, போகவும் சொல்லவில்லை. கீரைக் காம்பை ஒதுக்கி இடம் விட்டாள். ஜெனிட்டா உட்கார்ந்து, துவாலையைப் பிரித்து, முகத்தை இருவருக்கும் நடுவே வைத்தாள்.

ஹெலன் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கீரை ஒட்டிய விரலால் அந்த வெள்ளை மூக்கைத் தொட்டாள்.

"நானா இது?"

"நீதான்க்கா. நான் சொன்னப்ப இப்டி ஆயிடுச்சு. உன் கோவத்த ராவிப் போட மனசு வரல. அதான் உன்னாண்டயே எத்துகினு வந்தேன். திட்டுக்கா. அடிச்சாலும் சரி."

"கோவமா?" என்றாள் ஹெலன். "யாரு சொன்னா கோவம்னு?"

"பாத்தாலே தெரியுதேக்கா. புருவம், உதடு."

"நீ இன்னாத்த மூஞ்சி செஞ்சு கிழிச்ச?" ஹெலன் அந்தக் குவிந்த உதட்டின்மேல் விரலை வைத்தாள். "இது கோவம் இல்லடி. கேள்வி. கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். தொறக்க முடியல. மருந்து அப்பிகீது."

 ஜெனிட்டா மறுபடி அந்த முகத்தைப் பார்த்தாள். இப்போது அது வேறு முகமாக இருந்தது. இத்தனை வருஷம் முகம் செய்து என்ன கண்டோம் என்று இருந்தது.

"கோவம் வந்துச்சு, வராம இல்ல. பஸ்ஸுல வந்துச்சு. திருப்போரூர் தாண்டினதும் நல்லா வந்துச்சு. அடுப்புல போட்டத்துக்கு இல்ல. பதினோரு வயசுக் கொழந்த, அதுக்கு இன்னா தெரியும்? நீ செவ்வாக்கெழம பண்ணியே, அதுக்கு. என் வாய மூடிட்டு சொன்ன பாரு, அதுக்கு. எனக்கு வாய் இருந்தப்ப சொல்லத் தெரியலயா உனக்கு? இருவத்தெட்டு வருஷம் எதிர்லயேதான உக்காந்துகினு இருந்தேன்?"

குரலை அவள் உயர்த்தவே இல்லை. ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். தப்பு என்றாள். மன்னிச்சுடு என்றாள். ஹெலன் அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"இன்னா கேள்விக்கா?" என்று கடைசியில் ஜெனிட்டா கேட்டாள்.

ஹெலன் கீரைத் தட்டைத் தள்ளிவைத்தாள். கைகளைப் புடவையில் துடைத்தாள். 

"மருந்த எடுத்தப்புறம் கேட்டு இருக்கலாம். அந்தம்மா இருந்தாங்கன்னு சும்மா வந்துட்டேன். அதுவும் பொய்யி. பயம். ரெண்டு நாளா தூக்கம் இல்ல. வந்த லெட்டரு இல்லன்னு வந்ததா, வான்னு வந்ததா?"

ஜெனிட்டா நிமிர்ந்தாள். தான் அதைச் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வந்தது என்று சொன்னாள், எரித்தேன் என்று சொன்னாள். எழுதியிருந்ததைச் சொல்லவில்லை. உலகத்தில் அந்தத் தாளைப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

"வான்னு வந்துச்சுக்கா."

ஹெலன் எதிரே இருந்த தன் வெள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படி," என்றாள்.

"அக்கா?"

"இன்னா எழுதி இருந்துச்சோ அத்த படி. ஒரு வரி வுடாத."

படிப்பதற்கு ஜெனிட்டாவிடம் தாள் தேவைப்படவில்லை. அது பதினொரு வயதிலிருந்து அவளுக்குள் இருக்கிறது. தூக்கம் வராத எத்தனையோ இரவு அவளே அதைத் தனக்கு ஒப்பித்திருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"செல்வி எம். ஹெலன் அவர்களுக்கு. தாங்கள் எங்கள் மருத்துவமனையின் செவிலியர் பயிற்சிக்குத் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

"செல்வின்னா போட்டு இருந்துச்சு?"

"ஆமாக்கா. டைப் அடிச்சு இருந்துச்சு. உன் பேரு மட்டும் பேனாவுல."

"சொல்லு."

"ஜூலை மாதம் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும். வெள்ளைச் சேலை நான்கு, தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, பூட்டுடன் கூடிய பெட்டி ஒன்று கொண்டு வரவும். பாதுகாவலர் ஒருவர் உடன் வரலாம்."

"அவ்ளோதானா?"

"கீழ கையெழுத்து. முதல்வர்னு."

ஹெலன் உதட்டை அசைத்து அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள் என்ற இடத்தில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து போனாள். அவள் அழவில்லை. கல்யாண வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்திருப்பார்களே, அந்த மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ஜெனிட்டா பயந்துகொண்டே பார்த்தாள். இந்த முகம் எந்த உணர்ச்சி என்று அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் அவள் முயலவில்லை.

"நாலு சேலைக்கு நம்மூட்ல எங்க போயிருப்போம்," என்றாள் ஹெலன். "அம்மா யாரான்டயாச்சும் கேட்டு வாங்கி இருக்கும். வாங்காம வுட்டு இருக்காது."

"ஆமாக்கா."

"உன்னாண்ட நான் பேச வேண்டியது நெறைய கீது. இன்னிக்கு இல்ல. பேசறப்ப நீ ஓடக் கூடாது."

"ஓட மாட்டேன்க்கா."

ஹெலன் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"வைஷாலி, போன வெச்சுட்டு வா. உங்க சித்தி எனக்கு வந்த லெட்டரு எத்துகினு வந்துகீறா. வந்து உக்காந்து கேளு. வரப்ப அந்த ஃபாரத்தையும் பேனாவையும் எடுத்துகினு வா."